பாடமா, காடா?

அன்புள்ள ஐயா,

எம்.டி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். மலேசியாவின் சரவாக்கில், கூச்சிங் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. நீங்கள் அங்கே பாடம் எடுத்ததையும் பாக்கோ தேசியப் பூங்காவையும் பற்றி எழுதியதைப் படித்துத்தான் விண்ணப்பித்தேன். வீட்டில் அப்பா, "பாடம் சொல்லப் போறியா, காடு பாக்கப் போறியா, ஒண்ணைச் சொல்லு" என்கிறார். இரண்டுக்கும் நேரம் இருக்குமா?

ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள டாக்டர்,

நேரம் இருக்கும். அதைவிட, காடு பார்க்காமல் அந்த ஊரில் உங்கள் பாடத்தை ஒழுங்காகச் சொல்ல முடியாது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். சமாளிப்பு இல்லை, நிஜமாகவே.

2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பல்பீர் சிங் குழுவினரின் கட்டுரையை நீங்கள் படித்திருப்பீர்கள். சரவாக்கின் காபிட் பகுதியில் மலேரியா என்று வந்த 208 பேரின் ரத்தத்தைப் பிசிஆர், அதாவது மரபணுச் சோதனை செய்து பார்த்தால், 120 பேருக்கு இருந்தது நோலெசி, அதாவது குரங்கு மலேரியா. மைக்ரோஸ்கோப்பில் அது இன்னொரு மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியம் மலேரியே மாதிரியே தெரியும் என்பதால் ஸ்லைடு பார்த்தவர்கள் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மலேரியே 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகிற சாது. நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், தாமதித்தால் ஆளையே கொண்டுபோய்விடும். ஆக அங்கே ஸ்லைடை மட்டும் நம்ப முடியாது, எங்கே போனீர்கள், எதற்குப் போனீர்கள், ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று நோயாளியிடம் கேட்டாக வேண்டும். அவர் காட்டோரத்து மிளகுத் தோட்டத்தில் தங்கினேன் என்று சொல்லும்போது உங்களுக்கு அந்த இடம் கண்ணில் வர வேண்டாமா? நம் ஊரில் சாதாரணமாக வரும் வைவாக்ஸ் மலேரியாவையே பார்த்துப் பழகிய ஆட்களுக்கு இது வராது, எனக்கும் அங்கே போய்த்தான் வந்தது.

பாக்கோ 1957-லிருந்தே தேசியப் பூங்கா, சரவாக்கில் அதுதான் முதல். பாக்கோ கிராமத்திலிருந்து படகில் போக வேண்டும், கடல் வற்றிய நேரமானால் படகு கரைக்கு வராது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டியதுதான். சாயங்காலம் அலையாத்தி மரங்களில் நீள்மூக்குக் குரங்குகள் வரும்; போர்னியோவைத் தவிர வேறெங்கும் இல்லாத ஜாதி, தொங்கும் மூக்கும் பானை வயிறுமாக உட்கார்ந்து இலையை மென்றுகொண்டிருக்கும், பாவம், நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சாதா நீள்வால் குரங்குதான் ஆபத்து. பை ஜிப்பைத் திறக்கத் தெரிந்தது. அழகர்கோவிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. மாணவர்களோடு போயிருந்தபோது ஒரு பையனின் பிஸ்கட் பாக்கெட்டை அது பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. நோலெசியைச் சுமப்பது இந்த ஜாதிதானே சார், எனக்கு வந்துவிடுமா என்றான். குரங்கு தொட்டால் வராது, நடுவில் காட்டு அனாபிலிஸ் கொசு வேண்டும், காட்டை வெட்ட வெட்ட மனுஷன், குரங்கு, கொசு மூன்றும் பக்கத்தில் வந்துவிட்டன என்று அங்கேயே நின்று சொன்னேன். வகுப்பில் ஸ்லைடு போட்டுச் சொன்னபோது தூங்கிய பையன்கள் அன்றைக்குக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள்.

சரி, நடைமுறை. நமக்கு ஐப்பசியில் மழை தருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கடலைக் கலக்கும், அப்போது படகை நம்பித் திட்டம் போடாதீர்கள். மதுரைக்கு வருஷத்துக்கு 850 மில்லிமீட்டர் வாக்கில் பெய்தால் கூச்சிங்கில் 4000 வாக்கில் பெய்யும், துணி காயவே காயாது. சரவாக்கிலேயே இருக்கும் முலு குகைகளைச் செமஸ்டர் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், சின்ன விமானத்தில் போக வேண்டிய இடம், சனி ஞாயிறில் அடங்காது. அப்புறம், குடிநுழைவில் சரவாக்குக்குத் தனிச் சட்டம், கோலாலம்பூரில் முத்திரை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வார்டில் நோயாளியைத் தொடும் வேலையும் உண்டென்றால் மலேசிய மருத்துவ கவுன்சிலின் அனுமதி வேண்டும், அதை யார் வாங்கித் தருவது என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கையோடு சனிக்கிழமை வகுப்பு உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.