அரைக்கட்டை இறக்கினால் குற்றமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: பழைய ராக் குழு, புதுப் பாடகர்.

கேள்வி: எனக்குப் பிடித்த எழுபதுகளின் ராக் குழு புதுப் பாடகரோடு சுற்றுப்பயணம் கிளம்பியிருக்கிறது. வீடியோக்களில் பாட்டெல்லாம் ஒரிஜினலைவிட இறங்கிக் கேட்கிறது. இது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: இல்லை. பழைய பாடகரே இருந்திருந்தாலும் அநேகமாக இறக்கியிருப்பார். இருபத்தைந்து வயதில், ஸ்டுடியோவில், வேண்டிய மட்டும் டேக் எடுத்துப் பதிவான உச்சஸ்தாயி அது. அதையே வாரத்துக்கு நாலு இரவு, இரண்டு மணி நேரம், இருபது பாட்டுக்கு நடுவே பாடச் சொன்னால் எந்தத் தொண்டையும் கைவிரித்துவிடும். வான் ஹேலன், கன்ஸ் அண்ட் ரோஸஸ் போன்ற பெரிய ராக் குழுக்களே இளமைக் காலத்திலேயே கிதாரை அரைக்கட்டை (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான சுருதி) இறக்கித்தான் பெரும்பாலும் வாசித்தார்கள். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. முன்னணிக் குரலையே பதிவிலிருந்து ஓடவிடுவதுதான் அது. கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரே பாட்டை இரண்டு இரவுகளில் எடுத்த வீடியோக்களைப் பாருங்கள். கடைசிச் சரணத்தில் மூச்சு வாங்கும் இடம், சொல்லை இழுக்கும் நீளம், பிசிறு எல்லாம் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படலாம். உயிரோடு பாடுகிறவர் இரண்டு நாள் ஒரே மாதிரி மூச்சு விடமாட்டார்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் ஒரு ட்ரிப்யூட் குழு, அதாவது ஒரு பிரபலக் குழுவின் பாட்டுகளை மட்டும் வாசிப்பவர்கள். புதிதாகச் சேர்ந்த பாடகருக்கு மேலே எட்டவில்லை. எந்தப் பாட்டை எவ்வளவு இறக்குவது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: "உன்னால் எவ்வளவு மேலே போக முடியும்?" என்று கேட்டுவிட்டுப் பட்டியல் போடுகிறவர்கள்தான் அதிகம். அது தப்பான கேள்வி. ஒரு ஸ்வரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வருவது வேறு. அங்கேயே குடியிருப்பது வேறு. ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: உச்ச ஸ்வரம் எது, குரல் அதிக நேரம் தங்கும் இடம் எது, நீளமாகப் பிடிக்கிற ஸ்வரம் எந்த உயிரெழுத்தில் வருகிறது. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. மேலே 'ஆ' திறந்துவிடும்; 'ஈ'யும் 'ஊ'வும் தொண்டையை நெரிக்கும். அந்த இடத்தில் 'ஈ'யைக் கொஞ்சம் 'எ' பக்கம் சாய்த்துப் பாடினாலே பல பாட்டுகளை இறக்கத் தேவைப்படாது.

பிறகு சோதனை. ஒரு மணி நேரம் மற்ற பாட்டுகளைப் பாடி முடித்த பிறகு, சந்தேகமான பாட்டின் பல்லவியை நிறுத்தாமல் மூன்று முறை பாடச் சொல்லுங்கள். மூன்றாவது முறை சுருதி தொங்கினாலோ, தாடை முன்னே தள்ளினாலோ அரைக்கட்டை இறக்குங்கள். மறுநாள் மறுபடி சோதியுங்கள். எடுத்தவுடன் இரண்டு கட்டை இறக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் சரணத்தின் கீழ் ஸ்வரங்கள் முணுமுணுப்பாகிவிடும். இல்லாத ஒலியை மைக்கால் கூட்டிக் காட்ட முடியாது.

இன்னொன்று மறந்துபோகும்: பின்பாட்டு. முன்னணிக் குரல் இறங்கினால், அதற்குக் கீழே இணைந்து பாடுகிறவர் அடிமட்டத்தில் சிக்கிக்கொள்வார். அவரை மேலே இணைந்து பாடும் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: சுருதி இறக்கியதும் என் கிதார் முழுக்க 'ஸ்ர்ர்' என்று நடுங்குகிறது. திறந்த தந்தியில் (விரல் வைக்காமல்) வாசிக்கும் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் மெட்டு என்பதால் வேறு கட்டையில் விரல் மாற்றி வாசிக்கவும் முடியவில்லை.

பதில்: விரல் மாற்றாதீர்கள், அதுதான் சரி. திறந்த தந்தியின் ரீங்காரம்தான் அந்த ரிஃபின் உயிர்; மூன்று கட்டையில் இருப்பதை இரண்டரையில் வேறு இடத்தில் பிடித்தால் ஸ்வரம் சரியாக இருக்கும், பாட்டு செத்துவிடும். கிதாரையே இறக்குவதுதான் வழி. ஆனால் தந்தியை முடுக்கும் மரையைத் தளர்த்தினால் மட்டும் போதாது. அரைக்கட்டை இறக்கும்போது தந்தியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைகிறது. ஒரு முழுக்கட்டைக்குச் சுமார் 20 சதவீதம். நடுக்கத்துக்குக் காரணம் அந்தத் தளர்வுதான்.

அரைக்கட்டைக்கு 9 செட்டிலிருந்து 9.5 செட்டுக்குப் போங்கள் (எண் கூடினால் தந்தி கனம் கூடும்). முழுக்கட்டைக்கு 10 செட்டிலிருந்து 11 செட்; இழுவிசை ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்துவிடும். புதுத் தந்தி போட்டு, சுருதி சேர்த்து, நன்றாக இழுத்துவிட்டு, ஒரு இரவு விடுங்கள். அடுத்த நாள் கழுத்தைப் பாருங்கள். முதல் சில ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகள்) மட்டும் நடுக்கம் என்றால் கழுத்து பின்னோக்கி வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியை இடப்பக்கம் கால் சுற்றுத் தளர்த்துங்கள், அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். மிதக்கும் ட்ரெமோலோ (கைப்பிடியால் சுருதியை அசைக்கும் அமைப்பு) உள்ள கிதார் என்றால் பின்புற ஸ்பிரிங்குகள் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை உள்ளே இழுத்திருக்கும். தந்திகள் எல்லா இடத்திலும் பலகையோடு ஒட்டி நிற்பது அதற்கு அடையாளம். ஸ்பிரிங் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்துப் பாருங்கள். கடைசியாகத்தான் 12-ஆவது ஃப்ரெட்டில் இன்டொனேஷன், அதாவது அங்கே அழுத்தினாலும் சுருதி சரியாக வருகிறதா என்று பார்ப்பது. இந்த வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டாம் தடவை செய்ய வேண்டிவரும்.

சுருதி சேர்க்கும்போது 'டிங்' என்று சத்தம் வந்து சுருதி தாவினால், கனத்த தந்தி நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் மாட்டுகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். போகாவிட்டால் பள்ளத்தை அகலப்படுத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மேடையில் ஒரே கிதாரை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டாம். இறக்கிய தந்தியின் சுருதி நிலைக்கச் சில நிமிடம் ஆகும். இறக்கிய பாட்டுகளுக்குத் தனிக் கிதார் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் சுருதி இறங்கிவிடுமே, எனக்கு என்ன வேலை?

பதில்: அந்தப் பட்டன்தான் ஆபத்து. மொத்தக் கருவிக்குமான ட்ரான்ஸ்போஸை மாற்றினால், அடுத்த பாட்டுக்கு அதைத் திருப்ப மறப்பது உறுதி. பாட்டுவாரியான பேட்சிலேயே (சேமித்த ஒலி அமைப்பு) மைனஸ் ஒன்று, அதாவது அரைக்கட்டை இறக்கம் என்று சேமித்து வையுங்கள். சாம்பிள் லூப்கள், டிரம் பேடில் இருக்கும் மெட்டுத் துண்டுகள், பின்னணி ட்ராக் எல்லாம் தானாக இறங்காது. தனித்தனியாக இறக்கிப் பதிவு செய்ய வேண்டும். ட்ரம்பெட் வாசிப்பவர் இருந்தால் அவருக்கு இது நல்ல செய்தி. மூன்று கட்டைப் பாட்டில் அவர் ஸ்வரக்குறிப்பில் ஆறு ஷார்ப்போடு (ஸ்வரத்தை அரைக்கட்டை ஏற்றும் குறி; இறக்குவது ஃப்ளாட்) மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டரைக்கு வந்ததும் ஒரே ஃப்ளாட்.

கேள்வி: பெரிய குழுக்கள் ஏன் ட்ரிப்யூட் குழுவிலிருந்தும் யூடியூபிலிருந்தும் பாடகரை எடுக்கிறார்கள்? பெயருள்ள பாடகரே கிடைக்க மாட்டாரா?

பதில்: வேலை வேகமாக நடக்கும் என்பதால். இருபது பாட்டின் சொல்லும் நுழைவும் ஏற்கெனவே மனப்பாடம். ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழு 1996-இல் டிம் 'ரிப்பர்' ஓவன்ஸை ட்ரிப்யூட் குழுவிலிருந்துதான் எடுத்தார்கள். யெஸ் குழு 2008-இல் பென்வா டேவிட்டை எடுத்ததும் அப்படித்தான். ஜர்னி குழுவின் கிதாரிஸ்ட் நீல் ஷோன் 2007-இல் மணிலாவைச் சேர்ந்த ஆர்னெல் பினேடாவின் யூடியூப் பதிவுகளைப் பார்த்து அழைத்தார். பாஸ்டன் குழுவின் பாடகர் பிராட் டெல்ப் 2007-இல் இறந்த பிறகு அவர் இடத்துக்கு வந்த டாமி டிகார்லோ, இணையத்தில் தன் பதிவுகளைப் போட்டு வைத்திருந்த ரசிகர்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழையவரின் குரல்நிறத்தை அப்படியே கொண்டுவரத் தொண்டையை இறுக்கிப் பிடித்தால், வார இறுதிக் கச்சேரிக்குத் தாங்கும். மாதக்கணக்கான பயணத்துக்குத் தாங்காது. சொல்லை எங்கே தொடங்கி எங்கே விடுகிறார் என்பதைக் காப்பியடித்தால் போதும், நிறத்தை விட்டுவிடலாம். ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த பிரையன் ஜான்சனோடு 'பேக் இன் பிளாக்' ஆல்பம் ஜூலையிலேயே வெளிவந்தது. ஜான்சன் ஸ்காட்டைப் போலப் பாட முயலவில்லை.

உள்ளிருந்தே ஆளை உயர்த்தினாலும் செலவு உண்டு. பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-இல் விலகியதும் ஜெனிஸிஸ் குழுவில் டிரம்மர் பில் காலின்ஸ் பாடகரானார். மேடையில் டிரம்ஸுக்கு 1976-இல் பில் ப்ரூஃபர்டையும் அடுத்த ஆண்டு செஸ்டர் தாம்ப்ஸனையும் கூட்டிவர வேண்டியிருந்தது.

கேள்வி: பாட்டு வரிசையை எப்படி அமைப்பது? எல்லா ஹிட்டையும் கடைசியில் வைத்தால் பாடகர் திணறுகிறார்.

பதில்: முதல் பாட்டு நடுக்குரலில் இருக்கட்டும். மேலே குடியிருக்கும் பாட்டுகள் இரண்டுக்கு மேல் அடுத்தடுத்து வேண்டாம். அதன்பின் கிதார் தனியோ டிரம் தனியோ வைத்தால் பாடகருக்கு ஐந்து நிமிடமாவது வாய் மூடக் கிடைக்கும். அந்த நேரத்தில் சத்தமாகப் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. மிகக் கடினமான பாட்டுக்கு இடம் முக்கால் பங்கு தாண்டியதும். கடைசிப் பாட்டு அரங்கமே சேர்ந்து பாடுவதாக இருக்கட்டும், பல்லவியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூன்று இரவு தொடர்ந்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மானிட்டர் (பாடகருக்குத் தன் குரலைக் கேட்கவைக்கும் மேடை ஸ்பீக்கர்) சத்தம் போதவில்லை என்றால் பாடகர் தன்னையறியாமல் கத்துவார். வரிசை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் குரல் போவது அங்கேதான். முதலில் மேடையில் கிதார் ஆம்ப்களைக் குறையுங்கள், பிறகு அவர் குரலைக் கூட்டுங்கள். காதும் இதில் அடங்கும்: 2016-இல் செவித்திறனை அடியோடு இழக்க நேரும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால்தான் பிரையன் ஜான்சன் பயணத்தின் நடுவில் நிறுத்தினார், மிச்சத்தை கன்ஸ் அண்ட் ரோஸஸின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் பாடினார், முதல் சில கச்சேரிகளைக் கால் முறிவோடு உட்கார்ந்தபடியே.

கேள்வி: இறந்த பாடகரின் வீடியோவோடு சேர்ந்து வாசிப்பது எப்படி?

பதில்: க்வீன் குழுவின் கச்சேரிகளில் கிதாரிஸ்ட் பிரையன் மே தனியாகக் கிதாரோடு உட்கார, திரையில் மறைந்த பாடகர் ஃப்ரெடி மெர்குரி வந்து சேர்வது பலர் பார்த்ததுதான். ஒரே கிதார் என்றால் காதால் பின்தொடரலாம். முழுக் குழு என்றால் டிரம்மர் காதில் கிளிக் (தாளம் காட்டும் 'டக் டக்' ஒலி) ஓட வேண்டும். பழைய நேரடிப் பதிவின் வேகம் கூடிக் குறையும் என்பதால் கிளிக்கையும் அதற்கேற்ப வளைத்துப் போடுங்கள். சுருதியும் பதிவினுடையதுதான். அந்த ஒரு பாட்டுக்கு இறக்கிய கிதாரைத் தொடாதீர்கள்.

கேள்வி: பழைய பாடகர் இல்லாமல் அதே பெயரில் பாடலாமா?

பதில்: பெயர் யாருக்குச் சொந்தம் என்பது குழுவின் ஒப்பந்தத்தையும் வணிகமுத்திரைப் பதிவையும் பொறுத்தது, குரல் யாருடையது என்பதை அல்ல. 1980-இல் டீப் பர்ப்பிள் குழுவின் முதல் பாடகர் ராட் எவன்ஸ், பழைய சகாக்கள் யாரும் இல்லாமல் அந்தப் பெயரில் கச்சேரி செய்து, வழக்கில் தோற்று, பெருந்தொகை கட்ட நேர்ந்தது. முதல் பாடகருக்கே அந்த நிலைமை. நீங்கள் ட்ரிப்யூட் குழு என்றால் போஸ்டரில் அந்தச் சொல்லைக் குழுவின் பெயர் அளவுக்கே பெரிதாகப் போடுங்கள், பழைய பாடகரின் படத்தைப் போடாதீர்கள்.