பாஸ்பேட் ஏறினால் புரதம் எங்கே போகும்?

அன்புள்ள அக்கா,

எம்.எஸ்சி. முதல் வருடம் படிக்கிறேன். பாஸ்பேட் ஏறினால் புரதம் வேலை செய்யும், இறங்கினால் நின்றுவிடும் என்றுதான் இதுவரை மனதில் இருந்தது. ஆனால் பழ ஈயின் எபிதீலியத்தில், அதாவது உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் செல் அடுக்கில், எல்ஜிஎல் என்ற புரதத்துக்குப் பாஸ்பேட் ஏறினால் செயலிழக்கிறது என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது? வீட்டில் வேறு, "ஈயைப் படிக்கவா இவ்வளவு ஃபீஸ் கட்டினோம்" என்கிறார்கள்.

வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

அந்த ஏறினால்-இறங்கினால் கணக்கை முதலில் விட்டுவிடு. பாஸ்பேட் கொண்டுவருவது எதிர்மின்னூட்டம். அது எந்த இடத்தில் வந்து ஒட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எல்ஜிஎல்லில் நேர்மின்னூட்டம் நிறைந்த ஒரு துண்டு உண்டு. செல் சவ்வின் உட்பக்கம் எதிர்மின்னூட்டம் கொண்டது, அதனால் அந்தத் துண்டு சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது. சரியாக அந்தத் துண்டுக்குள்ளேயே 656, 660, 664 ஆகிய இடங்களில் செரின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கின்றன. செல்லின் மேல்புறத்தில் இருக்கும் ஏபிகேசி என்ற கைனேஸ், அதாவது பாஸ்பேட் ஏற்றும் நொதி, அவற்றில் பாஸ்பேட்டை ஏற்றினால் நேர்மின்னூட்டம் அடிபட்டுப்போய், எல்ஜிஎல் பிடிவிட்டு சைட்டோபிளாசத்துக்குள் போய்விடும். ஆக, ஏபிகேசி இல்லாத பக்கவாட்டிலும் அடியிலும் மட்டும்தான் அது தங்க முடிகிறது. "நீ கீழே இரு" என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை, மேலே இருக்கவிடுவதில்லை, அவ்வளவுதான். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. பக்கவாட்டில் இருக்கும் பார்-1 என்ற கைனேஸ், மேல்புறத்தைச் சேர்ந்த பசூக்கா புரதத்தில் இரண்டு இடங்களில் பாஸ்பேட்டை ஏற்றும். அங்கே 14-3-3 என்ற புரதம் வந்து பிடித்துக்கொள்ள, பசூக்காவால் பக்கவாட்டில் நிலைகொள்ள முடியாது. இந்த இரண்டு வேலைகளும் 2003-இல் வெளிவந்தன. எல்ஜிஎல் பற்றியது யூர்கன் நோப்லிக் குழுவினர் ஈயின் நரம்புத் தாய்செல்களில் செய்தது, பசூக்கா பற்றியது ரிச்சர்ட் பென்டனும் டேனியல் செயின்ட் ஜான்ஸ்டனும் செய்தது. அந்த மூன்று செரின்களையும் பாஸ்பேட் ஏற முடியாத அலனின் என்ற அமினோ அமிலமாக மாற்றினால், எல்ஜிஎல் சவ்வில் எல்லாப் பக்கமும் பரவிவிடுகிறது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? செல் இரண்டாகப் பிரியும்போது அரோரா கைனேஸும் எல்ஜிஎல்லைச் சவ்விலிருந்து கழற்றிவிடும், பிரிந்து முடிந்ததும் ஒரு பாஸ்படேஸ் அந்த பாஸ்பேட்டை எடுத்துவிட, அது திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை போட்டுவைத்த எல்லைக்கோடு இல்லை இது, செல் இருக்கும்வரை நடந்துகொண்டே இருக்கிற வேலை.

அப்புறம் வீட்டு விஷயம். எல்ஜிஎல் ஜீன் கெட்டுப்போன ஈப் புழுவில், ஒரே அடுக்காக நிற்க வேண்டிய செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கட்டியாகிவிடும், புழு கூட்டுப்புழுவாகாமல் பெருத்துக்கொண்டே போய்ச் செத்துவிடும். எல்ஜிஎல்லின் முழுப் பெயரான 'லெத்தல் ஜயண்ட் லார்வே' (உயிர்போக்கும் ராட்சதப் புழு) அதைத்தான் சொல்கிறது. மனிதனுக்கும் இந்த ஜீனின் சொந்தங்கள் உண்டு. ஸ்டான்லிக்கும் அடையாற்றுக்கும் புற்றுநோய் என்று போகிற பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது எபிதீலியத்தில் தொடங்கியதுதான். இதை அவர்களிடம் நேராகவே சொல், கோபப்படாமல் சொல்.

முடிந்தால் கனிந்த வாழைப்பழத் துண்டை ஒரு பாட்டிலில் போட்டு, ஈக்கள் முட்டையிட்டதும் வாயைத் துணியால் கட்டி அவர்கள் கண்ணெதிரே வை. சில நாளில் புழுக்கள் பழத்தை விட்டுக் கண்ணாடியில் ஏறி, அங்கேயே நின்று கூட்டுப்புழுவாகும். எல்ஜிஎல் இல்லாத புழு தாண்ட முடியாத கட்டம் அதுதான் என்று காட்டு.