40,000 ரூபாய்க்குள் பெரிய டிவி: ஏற்காட்டு வீட்டுக்கு எதை எடுப்பது?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீடு. ஹால் 14 அடி நீளம், 10 அடி அகலம். பழைய 32 இன்ச் டிவி போய்விட்டது. 40,000 ரூபாய்க்குள் பெரிய டிவி வாங்க வேண்டும். சேலத்தில் ஒரு கடையில் அந்த விலைக்குக் கேள்விப்படாத பெயரில் 65 இன்ச் காட்டுகிறார்கள். தெரிந்த கம்பெனி என்றால் 55 இன்ச்தான் வருகிறது. அப்பா அம்மா டிஷ்ஷில் சீரியலும் செய்தியும் பார்ப்பார்கள், பையன்களுக்கு கிரிக்கெட்டும் யூடியூபும். எதை வாங்கலாம்? ஸ்டெபிலைசர் தேவையா?

பதில்: 55 இன்ச்சை எடுங்கள். 65 வேண்டாம்.

முதலில் தூரம். டிவியை 14 அடிச் சுவரில் மாட்டினால் எதிரே 10 அடி. சோபாவோ நாற்காலியோ பிடிக்கும் இடத்தைக் கழித்தால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே சுமார் 8 அடி. 55 இன்ச் திரையின் அகலம் 122 செ.மீ., அதாவது 4 அடி. 8 அடித் தூரத்துக்கு இது தாராளம். 65 இன்ச் 144 செ.மீ. வரும். நல்ல 4கே படத்துக்கு அதுவும் உட்காரும். ஆனால் உங்கள் வீட்டில் அதிக நேரம் ஓடப்போவது டிஷ்.

சாதாரண எஸ்டி செட்டாப் பாக்ஸ் தரும் படத்தில் 576 வரிகள்தான். 4கே திரையில் 2160 வரிகள். இல்லாத மீதியை டிவி தானே இட்டு நிரப்புகிறது. திரை பெரிதாகப் பெரிதாக முகங்கள் குழைந்தும், செய்தியின் கீழே ஓடும் எழுத்து கலங்கியும் தெரியும். புது டிவி வாங்கியவர்கள் "பழசே தெளிவாக இருந்தது" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் வந்தால் எஸ்டி படம்தான் வரும். ஹெச்டி பாக்ஸாக மாற்றி, ஹெச்டிஎம்ஐ கேபிளில் கொடுத்து, அவர்கள் பார்க்கும் சேனல்களின் ஹெச்டி வடிவத்தையும் பேக்கில் சேருங்கள். அதற்கென்று பட்ஜெட்டில் 2,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். டிவியில் 5,000 கூடுதலாகப் போட்டாலும் கிடைக்காத தெளிவு இந்த 2,000-ல் கிடைக்கும்.

இரண்டாவது, இதைவிட முக்கியமானது, சர்வீஸ். டிவியைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு நீங்களே போன் போடுங்கள். பின்கோடைச் சொல்லி, "ஆள் வீட்டுக்கே வருவாரா, டிவியைச் சேலத்துக்குக் கொண்டுவரச் சொல்வீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். கடைக்காரர் சொல்வது போதாது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பெரிய பேனலை, அதாவது டிவியின் திரைப் பலகையை, இறக்கி மறுபடி ஏற்றுவது பெரும்பாடு, பேனலுக்கும் ஆபத்து. பெயர் தெரியாத கம்பெனி டிவிகளில் படம் நன்றாகவே இருக்கலாம். இரண்டு வருடம் கழித்து அந்த மாடலின் போர்டு கிடைக்குமா என்பதுதான் சிக்கல்.

எது கெடும் என்று தெரிந்தால் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். விலை குறைந்த பெரிய டிவிகளில் சத்தம் மட்டும் வரும், படம் வராமல் திரை இருட்டாக இருக்கும் என்ற புகார் சகஜம். பேனலுக்குப் பின்னால் வெளிச்சம் தர வரிசையாக எல்இடி ஸ்ட்ரிப்புகள் உண்டு, இதுதான் பேக்லைட். அவை தொடராக இணைக்கப்பட்டவை என்பதால் ஒரு எல்இடி போனாலும் வெளிச்சம் மொத்தமாக அணைந்துவிடும். திரையில் அங்கங்கே வெள்ளைப் பொட்டு தெரிந்தால், எல்இடி மேல் ஒட்டிய சின்ன லென்ஸ் கழன்று விழுந்திருக்கிறது. இவை இரண்டையும் நல்ல மெக்கானிக் சரிசெய்துவிடுவார். பேனலே உடைந்தாலோ கோடு விழுந்தாலோ கதை வேறு. மாற்றும் செலவு டிவி விலையில் பாதியைத் தாண்டும். அதனால் வாரண்டி எத்தனை வருடம் என்பதோடு பேனலுக்கு எத்தனை வருடம் என்றும் கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஸ்ட்ரிப்பின் ஆயுள் ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. கடையில் எல்லா டிவியும் விவிட் மோடில், பேக்லைட் 100-ல் ஓடும். வீட்டுக்கு வந்ததும் சினிமா மோடுக்கு மாற்றி, பேக்லைட்டை 60-க்குக் கொண்டுவாருங்கள். முதல் இரண்டு நாள் மங்கலாகத் தோன்றும், பிறகு கண் பழகிவிடும். சூடு குறைவதால் எல்இடி நீடிக்கும்.

கடையில் பார்க்க வேண்டியது பேனல் வகை. பெட்டியில் போட்டிருக்க மாட்டார்கள். விஏ பேனல் கறுப்பை ஆழமாகக் காட்டும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நிறம் மாறாது, ஆனால் இரவுக் காட்சிகள் சாம்பல் பூத்துத் தெரியும். டிவி ஓடும்போது ஓரத்துக்கு நகர்ந்து நின்று பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். நாலு பேர் எதிரே நேராக உட்காரும் வீட்டுக்கு விஏ நல்லது. இருபுறமும் சிதறி உட்காருவீர்கள் என்றால் ஐபிஎஸ். ஒரு பென்டிரைவில் இருட்டான பாட்டுக் காட்சி ஒன்று, பந்து ஓடும் கிரிக்கெட் கிளிப் ஒன்று, வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்று எடுத்துப்போய் ஓட்டச் சொல்லுங்கள். சாம்பல் திரையில் மூலைகள் கறுத்தோ நடுவில் பட்டையாகவோ தெரிந்தால் அந்த மாடலே வேண்டாம்.

ஹெச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டுவது), கியூஎல்இடி என்ற ஸ்டிக்கர்களுக்காக விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். இந்த விலையில் திரையின் வெளிச்சம் பொதுவாக 300 நிட்ஸ் பக்கம்தான் இருக்கும், ஹெச்டிஆர் படங்களோ பெரும்பாலும் 1000 நிட்ஸுக்குத் தயாரிக்கப்படுபவை. கியூஎல்இடியும் எல்இடி டிவிதான், நிறத்துக்கு ஒரு படலம் கூடுதல். ஒரே விலையில் கிடைத்தால் எடுக்கலாம். "120 மோஷன்" என்றெல்லாம் எழுதியிருந்தாலும், பேனல் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்று தனியாகக் கேளுங்கள், பெரும்பாலும் 60 என்றுதான் வரும். கிரிக்கெட்டுக்கு அது போதும்.

ரேம் 2 ஜிபி, ஸ்டோரேஜ் 16 ஜிபி இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் ஒரு வருடத்தில் ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டிவரும். "ஆண்ட்ராய்டு" என்று மட்டும் சொல்லி விற்கும் சிலவற்றுக்கு கூகுளின் அனுமதி இருக்காது, நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்கள் ஒழுங்காக ஓடாது. டிவியை இயக்கும் மென்பொருள் கூகுள் டிவி, வெப்ஓஎஸ், டைசன் இவற்றில் ஒன்று என்றால் கவலையில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பதாக இருந்தால் ஒரு கணக்கு: நெட்ஃபிளிக்ஸ் ஹெச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும், 4கே 7 ஜிபி வரை.

விலை பேசும்போது ஒன்று நினைவிருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலையை அடித்துக் காட்டி அந்த வரிக் குறைப்பையே தள்ளுபடி என்று சொன்னால் ஏமாற வேண்டாம்.

ஸ்டெபிலைசர்? டிவியின் பின்பக்க லேபிளில் 100–240 வோல்ட் என்று இருந்தால் தேவையில்லை, லோ வோல்டேஜை அதுவே சமாளிக்கும். மலையில் பயப்பட வேண்டியது இடிக்கு. ஏப்ரல், மே கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மின்னல் கரண்ட் வழியாக மட்டும் வருவதில்லை, டிஷ் கேபிள் வழியாகவும் வரும். திடீரென எகிறும் மின்சாரத்தைத் தடுக்கும் நல்ல சர்ஜ் புரொடெக்டர் போடுங்கள், ஆனால் சாக்கெட்டில் எர்த் சரியாக இல்லாவிட்டால் அது பெயருக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை முதலில் சோதியுங்கள். இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள், பாக்ஸின் பிளக்கையும் டிஷ் கேபிளையும் சேர்த்து. வெறும் சுவிட்சை அணைப்பது போதாது.

ஈரமும் மலைக்கே உரிய தொல்லை. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் டிவியை மாட்டாதீர்கள், உள்சுவரில் மாட்டுங்கள். திரையில் எதையும் ஸ்பிரே செய்து துடைக்கக் கூடாது. நீர் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கினால், பேனலோடு ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்புகள் அரித்து நெடுக்காகக் கோடு விழும், வாரண்டியிலும் வராது. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

மாட்டும் உயரத்தில் பலர் தவறுகிறார்கள். நாற்காலியில் உட்காருபவர்களுக்குத் திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 42 இன்ச்சில் இருக்க வேண்டும். பையன்கள் பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றால் 36-க்கு இறக்குங்கள். ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, அதற்கென்று உள்ள ஆங்கர் கேளுங்கள்.

கொண்டுபோகும்போது குட்டியானையில் பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, இருபுறமும் கயிறு கட்டுங்கள். படுக்கப்போட்டால் வளைவுகளில் குலுங்கி நடுப்பேனல் வளையும். வீட்டில் இன்ஸ்டலேஷன் ஆள் வரும்வரை பெட்டியைப் பிரிக்காதீர்கள். பிரிப்பதை முதலிலிருந்தே போனில் வீடியோ எடுங்கள், உடைசல் இருந்தால் அதுதான் ஆதாரம். பெட்டியையும் தெர்மாகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள். டிவியைச் சர்வீஸுக்குச் சேலம் இறக்க நேர்ந்தால் அந்த அளவில் வேறு பெட்டி கிடைக்காது.