உங்களுக்குப் பிடித்த சாமுராய் யார்?

போன இதழில் ஜப்பானிய வாள்களைப் பற்றி எழுதியதற்குச் சேலம் பக்கமிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அதனால் இந்த வாரப் பக்கம் முழுக்கச் சாமுராய்க்கே.

சாமுராய் என்றால் முசாஷிதான், மற்றவர்கள் எல்லாம் அப்புறம் என்கிறான் பிளஸ் டூ படிக்கும் என் மகன். வரலாற்றில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?
- ஒரு வாசகி, ஏற்காடு

பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மியாமோட்டோ முசாஷி பதிமூன்று வயதில் முதல் சண்டை போட்டவர், அறுபதுக்கு மேல் போட்டும் ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அருமையாகப் படமும் வரைவார். ஆனால் யாருக்காக அத்தனை சண்டை என்று கேட்டால், பெரும்பாலும் தன் பெயருக்காகத்தான். அதனால் என் ஓட்டு கட்சு கைஷூவுக்கு.

1823இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், காசில்லாத ஒரு சாமுராய் வீட்டில் பிறந்தவர். டச்சு மொழி கற்க அகராதி வேண்டும், வாங்க வழியில்லை. வாடகைக்கு எடுத்து, முழு அகராதியையும் கையாலேயே இரண்டு பிரதி எழுதி, ஒன்றை விற்று வாடகையை அடைத்துவிட்டு மற்றதைத் தனக்கு வைத்துக்கொண்டார். 1860இல் கப்பலில் பசிபிக்கைக் கடந்து சான்பிரான்சிஸ்கோ வரை போய் வந்தார். 1868இல்தான் பெரிய சோதனை. நாட்டை ஆண்டு வந்த ராணுவத் தலைவரான ஷோகனின் ஆட்சி சரிந்துவிட்டது, பேரரசர் பெயரில் சைகோ தகாமோரி நடத்தி வந்த படை எடோவை நெருங்கிவிட்டது, ஊருக்குள் கிட்டத்தட்ட பத்து லட்சம் ஜனம், ஒரு தீப்பொறி போதும், பெரும்பாலும் மர வீடுகள். தோற்ற தரப்பின் ஆளாகப் போய் சைகோவின் எதிரே உட்கார்ந்த கட்சு, தாக்குதலுக்குக் குறித்த நாளுக்கு முந்தைய நாள் பேசி முடித்து, கோட்டையைச் சண்டையில்லாமல் ஒப்படைக்க ஏற்பாடு செய்தார். அதன் பிறகு எடோவின் உவேனோ பகுதியில் ஒரு நாள் சண்டை நடந்தது உண்மை, ஆனால் ஊர் பிழைத்தது. சொந்தத் தரப்பிலேயே அவரைத் துரோகி என்றவர்கள் உண்டு. இளமையில் கடுமையாக வாள் பயின்றவர்தான், ஆனாலும் எளிதில் உருவ முடியாதபடி வாளை இறுக்கிக் கட்டி வைத்திருந்ததாக வயதான காலத்தில் சொன்னார்.

1877இல் அதே சைகோ அரசை எதிர்த்துக் கலகம் செய்து இறந்தபோது அவர் சட்டப்படி தேசத்துரோகி. இரண்டே வருடத்தில் அவருக்கு நினைவுக்கல் எழுப்பியவர் கட்சு. எதிரியாக எதிரே உட்கார்ந்தவர் இப்படிச் செய்தார் என்பது எனக்கு அறுபது வெற்றிகளைவிடப் பெரிதாகப் படுகிறது. மகனிடம் சொல்லிப் பாருங்கள்.

சாமுராய்க்குச் சம்பளம் அரிசியில் என்று படித்தேன். எவ்வளவு? யார் விற்றுக் கொடுத்தார்கள்?
- அரிசி மண்டி வைத்திருக்கும் வாசகர், செவ்வாய்ப்பேட்டை

அளவுக்குப் பெயர் கோகு. ஒரு கோகு சுமார் 180 லிட்டர், எடையில் ஏறத்தாழ 150 கிலோ, ஒரு ஆளுக்கு ஒரு வருடச் சாப்பாடு என்று கணக்கு. பத்தாயிரம் கோகு விளைகிற நிலம் கையில் இருந்தால் அவர் டைம்யோ, பெரிய பிரபு. கடைநிலைச் சாமுராய்க்குச் சில பத்து கோகு கிடைக்கும். எடோவில் குராமாயே என்ற இடத்தில் அரசுக் களஞ்சியம், அதைச் சுற்றி உங்களைப் போன்ற மண்டிக்காரர்கள். சாமுராய்க்காக அரிசியை வாங்கி விற்று கமிஷன் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த தவணை அரிசியின் பேரில் கடனும் கொடுப்பார்கள். விளைச்சல் நன்றாக இருந்து விலை விழுந்தால் சாமுராய்க்குச் சம்பளமே குறைந்த மாதிரி. இடுப்பில் இரண்டு வாள் தொங்கும், வீட்டில் கடன் சீட்டு குவியும். கட்சுவின் குடும்பக் கஷ்டமும் இந்த வகைதான்.

கஞ்சமலை இரும்பும் ஜப்பான் வாள் எஃகும், எது உசத்தி?
- இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகர், சேலம்

உங்களுக்குத் தெரியாததா! ஜப்பானில் ஆற்று மணல் மாதிரி கிடைக்கும் இரும்புத் தாதுவையும் கரியையும் மண் உலையில் மாற்றி மாற்றிக் கொட்டி, மூன்று பகல் மூன்று இரவு ஊதி, கடைசியில் உலையையே உடைத்து எஃகை வெளியே எடுப்பார்கள். அது ஒரே சீராக இருக்காது. கொல்லர் துண்டு துண்டாகப் பார்த்துப் பிரித்து, அடித்து மடித்து, மறுபடி அடித்துத்தான் சீராக்குவார். நம் சேலம் பக்கத்தில் இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியை மண் மூசையில் வைத்து, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து உருக்கினார்கள். 1830களில் இங்கே இரும்புத் தொழில் நடத்திய ஜோசையா ஹீத் இதை எழுதியே வைத்திருக்கிறார். மூசைக்குள் உருகிவிடுவதால் அத்தனை மடிப்பு தேவைப்படவில்லை. எஃகை மட்டும் வைத்துப் பார்த்தால் நம் ஆட்கள் ஒரு படி மேலே என்பேன். ஆனால் வாளின் முதுகில் கனமாகவும் விளிம்பில் மெல்லிசாகவும் களிமண் பூசி, சூடேற்றித் தண்ணீரில் தோய்த்து, விளிம்பைக் கடினமாகவும் முதுகை வளைந்து கொடுப்பதாகவும் ஒரே நேரத்தில் ஆக்கும் அந்தக் கைவேலை இருக்கிறதே, அதற்கு நான் அடிமை.

பெண் சாமுராய் உண்டா?
- கல்லூரி மாணவி, ஆத்தூர்

உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் போர்க்கதையில் வரும் டொமோயே கோசென்னை எல்லோரும் சொல்வார்கள். நான் நகானோ டகேகோவைச் சொல்வேன். எடோ தப்பித்த அதே 1868இல் அய்சு நகரம் தப்பவில்லை. அங்கே நீண்ட கழியில் வாள் பொருத்திய நகினாட்டாவை ஏந்தி, பெண்கள் குழு ஒன்றுடன் துப்பாக்கிப் படையை எதிர்த்து நின்று, குண்டு பட்டு இறந்தார். உங்கள் வயதுதான் இருக்கும், 21.

எஜமானுக்காக உயிரை விடுவது ஜப்பானுக்கு மட்டும் உரியதா? நம்மிடம் நவகண்டம் இருந்ததே?
- தமிழாசிரியர், சங்ககிரி

இருந்தது ஐயா. தன் தலையைத் தானே அரிந்து கொற்றவைக்குக் கொடுக்கும் வீரனின் சிற்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரசனுக்கு ஒன்று என்றால் தாங்களும் உயிர் வைப்பதில்லை என்று சபதம் செய்த சோழர்களின் வேளைக்காரப் படையை எந்த டைம்யோவின் படைக்கும் இணையாக வைக்கலாம். ஜப்பானில் இதற்குப் பெயர் போனவர்கள் 47 ரோனின்கள், அதாவது எஜமானை இழந்த சாமுராய்கள். 1701இல் எடோ கோட்டைக்குள் வாளை உருவிய குற்றத்துக்காக அவர்களுடைய பிரபு அசானோ அன்றைக்கே வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் தண்டனை பெற்றார். அவர் வெட்டப் பாய்ந்த கிராவுக்கோ தண்டனையே இல்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் பொறுத்திருந்து கிராவின் தலையை எடுத்தார்கள், 1703இல் அவர்களில் 46 பேர் அதே தண்டனையை ஏற்றார்கள். செங்ககுஜி கோயிலில் அவர்கள் கல்லறைக்கு இன்றும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அந்த விசுவாசத்தை மதிக்கிறேன். ஆனால் முன்கோபத்தில் வாளை உருவிய ஒரு பிரபுவுக்காக இத்தனை பேர் சாக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கற்பனைச் சாமுராய்களில் யார்? எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

கம்பெய். குரோசாவாவின் 'செவன் சாமுராய்', 1954. திருடன் ஒருவன் குழந்தையைப் பிடித்துக்கொண்டு குடிசைக்குள் பதுங்கியிருக்க, ஊரே வெளியில் நிற்கும்போது கம்பெய் முதலில் செய்வது தன் குடுமியை மழித்துக்கொள்வது. சாமுராய்க்குக் குடுமி என்பது மானம். அதை இழந்து, துறவி வேடம் போட்டு, கையில் சோற்றுருண்டையோடு உள்ளே போய் யாரோ பெற்ற பிள்ளையை மீட்கிறார். அப்புறம் கொள்ளைக்காரர்களிடமிருந்து ஒரு கிராமத்தைக் காக்க வெறும் சாப்பாட்டுக்கு ஒத்துக்கொள்கிறார், அந்த அரிசியைக் கொடுக்கும் விவசாயிகள் தாங்கள் தினையைத் தின்கிறார்கள். ஏழு பேரில் நான்கு பேர் சாகிறார்கள், நால்வருமே துப்பாக்கிக் குண்டுக்கு. ஜெயித்தது விவசாயிகள், நாம் இல்லை என்கிறார் கடைசியில்.

மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, நம் பழைய படங்கள் போல இடைவேளையும் உண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்கிவிடுங்கள். விவசாயி மகனாகப் பிறந்து சாமுராய் என்று சொல்லித் திரியும் கிகுச்சியோ, 'விவசாயிகளை இப்படி ஆக்கியது யார், நீங்கள்தான்' என்று மற்ற ஆறு பேரின் முகத்துக்கு நேராகக் கத்தும் காட்சியில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.