தொற்றுக் காலத்தில் முதியோர் இல்லம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கொரோனா காலம் முழுக்க நர்ஸிங் பொறுப்பில் இருந்தேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மயிலாடுதுறையில் இல்லம் நடத்துகிறேன். 2020-ல் கேட்டைப் பூட்டி, சொந்தக்காரர் ஒருவரைக்கூட உள்ளே விடவில்லை. அப்படியும் தொற்று வந்துவிட்டது. எங்கே கோட்டை விட்டோம், மேடம்?

சார், கேட்டைப் பூட்டினாலும் ஆயாம்மா வர வேண்டும், சமையல்காரர் வர வேண்டும், ராத்திரி வாட்ச்மேன் வர வேண்டும். தொற்றும் அந்த வழியாகத்தான் வந்திருக்கும். இதில் அவர்கள்மேல் குற்றம் இல்லை. 2020 பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிர்க்லாந்து என்ற ஊரில் இருந்த இல்லத்தில் பெரிய பரவல் தெரியவந்தது. விசாரித்தபோது சொன்ன காரணங்களில் இரண்டு: உடம்பு சரியில்லாமலே ஊழியர்கள் வேலைக்கு வந்தது, ஒரே ஊழியர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தது.

நம் பக்கமும் அதே கதைதான். காலையில் இல்லத்தில் வேலை, சாயங்காலம் வேறொரு வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு நாள் சம்பளம் போனால் குழு லோன் தவணை கட்ட முடியாது. அப்படிப்பட்டவர் எப்படி "எனக்குக் காய்ச்சல்" என்று வாய் திறப்பார்? பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கிற தெர்மாமீட்டர் ஒன்றும் காட்டாது. அதனால் சானிடைசர் வாங்குவதற்கு முன்னால், சம்பளத்தோடு நோய் லீவு கொடுங்கள். அவர் லீவு எடுத்தால் யார் வருவார்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்து வையுங்கள். ஆள் இல்லை என்றால் லீவு காகிதத்தில்தான் இருக்கும்.

அப்பாவுக்கு 82 வயது, திருவாரூரில் ஒரு இல்லத்தில் இருக்கிறார். கொரோனா வந்தபோது காய்ச்சலே இல்லை. சாப்பாடு வேண்டாம் என்றார், ராத்திரியெல்லாம் சம்பந்தமில்லாமல் பேசினார். வயசு என்று விட்டுவிட்டார்கள். முன்னாடியே கண்டுபிடிக்க முடியாதா அக்கா?

முடியும்மா. வயதானவர்களுக்குக் காய்ச்சல் ஏறாமலே தொற்று முற்றலாம். திடீர்க் குழப்பம், சாப்பாட்டை ஒதுக்குவது, நன்றாக நடந்தவர் தடுமாறி விழுவது, பகலெல்லாம் தூங்கி வழிவது, இவைதான் அவர்களிடம் முதலில் தெரியும். நேற்று நன்றாக இருந்தவர் இன்று வேறு மாதிரி இருந்தால் வயசு என்று விடக் கூடாது. உடனே, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டுகிற ஆக்சிமீட்டரை விரலில் வைக்க வேண்டும். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, நகச்சாயமோ அழுத்தமான மருதாணியோ இல்லாத விரலில் மாட்டி, எண் நிலையாக நிற்கும்வரை பாருங்கள். 94-க்குக் கீழே இறங்கினால் டாக்டரிடம் சொல்லத் தாமதிக்காதீர்கள். மூச்சுத் திணறல் தெரியாமலே அளவு இறங்குவதும் உண்டு. இந்த மாற்றத்தை டாக்டரைவிட முதலில் கவனிப்பவர், தினம் தலைவாரிச் சோறு கொடுக்கிற ஆயாம்மாதான். அவர் வந்து சொன்னால் காதுகொடுத்துக் கேட்கிற ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

பாபநாசம். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வாங்கி வைக்கலாமா?

வைக்கலாம், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற கருவி அது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்வரை கைகொடுக்கும். ஆனால் அது கரண்ட்டில் ஓடுவது. புயல் மழையில் நம் பக்கம் கரண்ட் போனால் சின்ன இன்வெர்ட்டர் வெகுநேரம் தாங்காது. கூடவே ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் வேண்டும்.

நன்னிலம் பக்கம் ஒரு இல்லத்துல வேலை பாக்குறேன். மறதி உள்ள பாட்டி மாஸ்க்கைப் பிடுங்கி எறியுறாங்க. என்ன செய்யட்டும்க்கா?

வற்புறுத்தாதே தங்கச்சி, பயந்துபோவார்கள். நீ என்95 மாஸ்க்கை மூக்கில் இடைவெளி இல்லாமல் போட்டுக்கொள். ஜன்னலையும் கதவையும் திறந்து வை. அந்தப் பாட்டிக்கு தினம் ஒரே ஆள் போவது நல்லது. காது மந்தமென்றால் உன் வாய் அசைவு தெரியாமல் தவிப்பார்கள். சிலேட்டில் பெரிதாக எழுதிக் காட்டு.

நான் இல்லத்திலேயே குடியிருக்கிறேன், வயது 76. அடுத்த தொற்று வந்தால் மறுபடியும் மாதக்கணக்கில் அறைக்குள் போட்டுவிடுவார்களா?

ஐயா, அப்படிச் செய்யக் கூடாது என்பதுதான் என் உறுதியான எண்ணம். அறைக்குள்ளேயே கிடந்தால் கால் பலம் குறைகிறது, விழுகிறார்கள், மறதி கூடுகிறது. எங்கள் இல்லத்தில் ஒரு மாமி ஆறு மணியானால் வீடியோ காலுக்காகத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு உட்காருவார். சிக்னல் இல்லாமல் போன அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடமாட்டார். உறவும் மருந்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய ஒன்று. திறந்த தாழ்வாரத்தில், மாஸ்க்கோடு, தள்ளி உட்கார்ந்து, வீட்டுக்கு ஒருவர் என்று வரவிடலாம். இல்லத்துக்குள் பரவல் இருக்கிற நாட்களில் மட்டும் நிறுத்தினால் போதும். இந்த ஏற்பாட்டை எழுத்தில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சரியான பதில் வராவிட்டால் 14567, முதியோர் உதவி எண்.

அம்மாவை கும்பகோணத்தில் ஒரு இல்லத்தில் சேர்க்கப்போகிறோம். என்ன விசாரிக்க வேண்டும்?

அறையில் எதிரெதிரே ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃப்ளூ அதிகம். அதற்கு முன்பே வருடாந்தர ஃப்ளூ ஊசி போடுகிறார்களா, நிமோனியா ஊசி பற்றி டாக்டர் பேசினாரா என்று கேளுங்கள். தொற்று வந்தவரைத் தனியாக வைக்க ஒரு அறை காலியாக உண்டா என்றும் கேளுங்கள். பிறகு ஆபீஸை விட்டு வெளியே வந்து, அங்கே வேலை பார்க்கும் அம்மாக்களில் ஒருவரிடம், உடம்பு சரியில்லை என்றால் சம்பளம் பிடிப்பார்களா என்று விசாரியுங்கள்.