புரத இழையா, துகள் இயற்பியலா? குலசேகரத்து அப்பாவுக்குப் பதில்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நாகர்கோவிலில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் ஒரு நாள் புரத இழை என்கிறாள், மறுநாள் துகள் இயற்பியல் என்கிறாள், பி.எட். முடித்து டீச்சராகிவிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பி.எட். எங்கும் ஓடிவிடாது. அவள் சொல்கிற இரண்டும் என்ன வேலை என்று முதலில் பார்ப்போம்.

ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி வைத்தால் தானாகவே திரண்டு உறைவதைத் தினமும் பார்க்கிறீர்கள். அது ஒழுங்கில்லாத திரட்சி. புரத இழையில் மூலக்கூறுகள் வரிசை பிடித்து, சில நானோமீட்டர் தடிமனில் நூலாக நீளும். அல்சைமர் நோயாளியின் மூளையில் படிவது இந்த வகை நூல்தான். நம் தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜனும் தானாகச் சேர்ந்து இழையாகும் புரதமே. அதன் மூன்று இழை அமைப்பை 1954-55இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டே சொன்னவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

ஆய்வகத்தில் என்ன செய்வார்கள்? முட்டை வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைம் என்ற புரதத்தை அமிலக் கரைசலில் போட்டுச் சூடாக வைப்பார்கள். இழை உருவாகிறதா என்று அறிய தயோஃப்ளேவின் டி என்ற சாயம் சேர்ப்பார்கள். இழை இருந்தால் சாயம் ஒளிரும். இழை வராத நாள்களும் உண்டு, பொறுமை வேண்டும். இன்சுலினும் சூட்டிலும் குலுக்கலிலும் இப்படி இழையாகிக் கெட்டுப்போகும் என்பதால், புரத மருந்து தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் இந்த அறிவு தேவை. இயற்பியல் படித்தவர்களுக்கு இங்கே நல்ல இடம் உண்டு.

அணுவைவிடச் சிறிய துகள்களை ஆராயும் துகள் இயற்பியல் வேறு மாதிரி. ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற பன்னாட்டுத் துகள் ஆய்வு மையத்தில் இந்தியா 2017 முதல் இணை உறுப்பினர். துகள்களை மோதவிட்டு ஆராயும், அங்குள்ள சிஎம்எஸ் என்ற பெரிய கூட்டுச் சோதனையில் சென்னை ஐஐடியும் இருக்கிறது. ஒரே ஆய்வுக் கட்டுரையில் ஆயிரக்கணக்கானோர் பெயர் வரும். மாணவரின் நாள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன்னால்தான்: சி++, பைத்தான், தரவு அலசல். அது பிடிக்காத பிள்ளைக்கு இது சரிப்படாது. பிடித்தால், ஆய்வை விட்டாலும் டேட்டா வேலை கிடைக்கும். நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயத் தேனியில் திட்டமிட்ட ஆய்வகம் வரும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

இனி உங்கள் உண்மையான கவலை. பிஎச்டிக்கு ஐந்தாறு வருஷம் ஆகும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். பிஎச்டிக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் நிரந்தர வேலை முப்பது வயதைத் தாண்டித்தான் வரும். கல்யாணப் பேச்சை எப்போது எடுப்பது என்பதை அவளையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

இரண்டில் எது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டும். மூன்றாம் ஆண்டில், ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வை எழுதட்டும். விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். இதற்கிடையில் பைத்தான் படித்துப் பார்த்தால் துகள் பக்கம் ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.

ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்தின் திருவனந்தபுரம் வளாகம் விதுராவில் இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கம்தான். ஒரு நாள் அழைத்துப் போங்கள். சும்மா போய் கேட்டில் நிற்காமல், அங்குள்ள பேராசிரியருக்கு முன்கூட்டியே அவளையே மெயில் எழுதச் சொல்லுங்கள்.