கேக் தட்டில் இறுகிய கறுப்பு: போத்தல்காரரிடம் வாங்கலாமா?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: மாமியார் பாவித்த ஆறு கேக் தட்டுகள் கைக்கு வந்திருக்கின்றன. மூலையெல்லாம் தார் பூசினாற்போல் கறுப்பு. ஓடருக்குக் கேக் செய்யத் தொடங்கியிருப்பதால் தட்டுகள் உடனே வேண்டும். மோட்டார் சைக்கிளில் வருகிற ஒருவர் 'பேக்கரி அசிட்' என்று சோடாப் போத்தலில் ஏதோ தருகிறார். பத்து நிமிடத்தில் கறுப்புப் போய்விடுமாம். வாங்கலாமா?

வேண்டாம். தட்டுகளை வீட்டிலேயே துப்பரவாக்கலாம். எதைப் பூசுவது என்பது தட்டு என்ன உலோகம் என்பதைப் பொறுத்தது. அதை அந்த வியாபாரி ஒரு தடவையாவது கேட்டாரா?

முதலில் ஒரு காந்தத்தை எடுங்கள். ஒட்டினால் இரும்பு, அல்லது வெள்ளீயம் பூசிய தகரம். ஒட்டாமல், கைக்குப் பாரமில்லாமல், அடியில் ஆணியால் கீறினால் வெள்ளையாகக் கோடு விழுந்தால் அலுமினியம். பழைய வீட்டுத் தட்டுகள் அநேகமாக அலுமினியம்தான்.

அந்தக் கறுப்பு ஒரு காலத்தில் எண்ணெயாக இருந்தது. இப்போது எண்ணெய் அல்ல. விளிம்பில் பூசிய மாஜரின் 180 பாகைச் சூட்டில் காற்றுப் பட்டுப் பட்டு, காய்ந்த வார்னிஷ் போல இறுகிவிட்டது. சவர்க்காரம் எண்ணெயைக் கழற்றும், வார்னிஷைக் கழற்றாது. அதை இளக்கக் காரம் வேண்டும். ஆனால் காரம் அலுமினியத்தையும் அரிக்கும்.

பத்து நிமிடத்தில் அந்தப் படையை உருக்குகிற திரவம், பெயர் 'அசிட்' என்றாலும், கோஸ்டிக் சோடாக் கரைசலாகத்தான் இருக்கும். அலுமினியத்தில் ஊற்றினால் நுரைத்துச் சூடேறும். 'பாருங்கோ, ஊத்தை எப்பிடிக் கழருது' என்பார்கள். கரைவது உங்கள் தட்டு. நுரையில் வருவது ஐதரசன் வாயு, பக்கத்தில் காஸ் அடுப்பு எரிந்தால் ஆபத்து. தட்டு முதலில் பளிச்சென்றிருக்கும், பிறகு மேற்பரப்பு சொரசொரத்து அடுத்த கேக் பிடித்துக்கொள்ளும். தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். தேசிக்காயோ வினாகிரியோ பூசக்கூடாது. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

சோடாப் போத்தலில் கோஸ்டிக் இருந்தால் பிள்ளைகள் சோடா என்று எடுத்துக் குடிப்பார்கள். இதை எத்தனை தரம்தான் எழுதுவது? கடைகளில் முறையாக விற்கிற போத்தல்களைப் பாருங்கள்: பெயர் பெரிய தமிழ் எழுத்தில் இருக்கும், எச்சரிக்கை மட்டும் எறும்பு அளவில் ஆங்கிலத்தில் இருக்கும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் முறையிடலாம் என்கிறார்கள். லேபலே இல்லாத போத்தலை எந்தப் பெயர் சொல்லி முறையிடுவது?

சரி, அலுமினியத் தட்டுக்கு வருவோம். கொதிநீரில் லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, தட்டை அரை மணி நேரம் ஊறவையுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடு போதாது. கை பொறுக்காத சூடு வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் குழாய்த் தண்ணீர் எடுங்கள். இளகியதை மர அகப்பையின் விளிம்பால் சுரண்டுங்கள். பிறகு மூன்று பங்கு அப்பச்சோடாவை ஒரு பங்கு தண்ணீரில் குழைத்துத் தடிப்பாகப் பூசி, காயாமல் பொலித்தீனால் மூடி, ஒரு மணி நேரம் விடுங்கள். தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரே தரத்தில் போகாது; மூன்று தரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பலர் ஒரு பிழை விடுகிறார்கள். அப்பச்சோடாத் தண்ணீரைத் தட்டிலேயே கொதிக்கவைக்கிறார்கள். அப்பச்சோடா பச்சைத் தண்ணீரில் மென்மையான காரம். கொதித்தால் அதிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறி அது சலவைச் சோடாவாகிவிடும், அதுவோ அலுமினியத்தைக் கறுக்கவைக்கும். ஆகவே அலுமினியத்துக்கு அப்பச்சோடா ஆறிய தண்ணீரில்தான். இரவு முழுக்க விடவும் கூடாது. ஏற்கனவே கறுத்துப்போனால் பயம் வேண்டாம், லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளி விட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் நிறம் திரும்பும். ஆனால் சோடாவையும் புளியையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். பொங்குவது பார்க்க அழகு, ஒன்றையொன்று முறித்துக்கொண்டு வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

இரும்பு, தகரத் தட்டுக்குச் சலவைச் சோடா ஆகும்: கையுறை போட்டு, லீற்றர் சுடுநீருக்கு மூன்று மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம். கழுவியதும் துடைத்து, போறணையில் பத்து நிமிடம் காயவைத்து, தேங்காயெண்ணெய் துளியளவு தடவுங்கள். இந்தக் கடற்காற்றில் ஈரத்தோடு கவிழ்த்துவைத்தால் விடியும்போது துரு இருக்கும்.

ஒட்டாத பூச்சுள்ள தட்டுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும். பூச்சு உரிந்திருந்தால் எறிந்துவிடுங்கள்.

பொலிஷ் பண்ணித் தருகிறோம் என்று தட்டை வாங்கிப் போகிறவர்களையும் நம்ப வேண்டாம். சக்கரத்தில் பிடித்தால் அலுமினியம்தான் தேயும்; அடி மெலிந்து நெளிந்தால் கேக்கின் நடு கருகும். 'வெள்ளிப் பூச்சுப் போட்டுத் தருகிறோம்' என்றால் தட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அடியில் ஆணியால் ஒரு குறி போட்டுக் கொடுங்கள், பாரமான தட்டுக்குப் பதில் மெல்லியது வராமலிருக்க.

வெளிப்பக்கத்துக் கறுப்பு சொரசொரக்காமல், கையில் ஒட்டாமல் இருந்தால் விட்டுவிடலாம்; கேக்குக்கு அதனால் கெடுதல் இல்லை. கறுத்த தட்டு சூட்டை அதிகம் இழுக்கும் என்பதால், ஓரம் கருகினால் 10 பாகை குறைத்து வையுங்கள். உட்பக்கத்தில் குழி விழுந்த தட்டிருந்தால் எண்ணெய்க் கடதாசி விரித்துப் பிஸ்கட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.